ஒற்றை எண் மாடியில் இருந்து ஒரு திறந்த மடல்

எங்கள் குடியிருப்பின் புதுப்பிப்புத் திட்டத்தைப் பார்க்கும் கவுன்சில் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் வீடு வீடாக நீங்கள் போட்டுவிட்டுப் போன பளபளப்பான கைநூலின் கடைசிப் பக்கத்தில், வங்காளம், சோமாலி, துருக்கி எல்லாம் தாண்டிக் கீழே, தமிழிலும் ஒரு வரி இருந்தது. கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்தால் 'உங்கள் கருத்தை உங்கள் மொழியிலேயே தெரிவிக்கலாம்' என்று வந்தது. சரி, தெரிவிக்கிறேன். ஆங்கிலத்தில் நான் எழுதிய ஏழு மின்னஞ்சலுக்கும் ஒரே பதில்தான் வந்தது, அதுவும் மெஷின் போட்ட பதில், ஆகவே மொழியை மாற்றிப் பார்ப்பதில் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை. பக்கத்து டவர்களில் இருக்கிற எங்கட சனமும் வாசிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒற்றை எண் மாடிகளுக்கான லிப்டைத் திருத்தித் தாருங்கள். புதுப்பிப்பு வரும்போது வரட்டும், இடிப்பதென்றால் இடிக்கிற அன்றைக்குப் பார்ப்போம், அதுவரைக்கும் லிப்ட் ஓட வேண்டும்.

கட்டடத்தின் கதை உங்களுக்குத் தெரியும். கிழக்கு லண்டனில் அறுபதுகளில் எழுந்த 22 மாடி, பக்கத்தில் அதே அச்சில் இன்னும் இரண்டு. இரண்டு லிப்ட், ஒன்று ஒற்றை எண் மாடிகளில் நிற்கும், மற்றது இரட்டை எண் மாடிகளில் நிற்கும். அந்தக் காலத்தில் கதவுக்கும் நிறுத்தத்துக்கும் ஆகும் காசைப் பாதியாக்க யாரோ ஒரு கெட்டிக்காரர் கண்டுபிடித்த வழி. ஒன்று பழுதானால் பாதிக் கட்டடத்துக்கு லிப்டே இல்லை என்பதை அந்தக் கெட்டிக்காரர் யோசித்தாரோ தெரியாது, அவர் கட்டாயம் நிலத்தோடு ஒட்டிய வீட்டில்தான் இருந்திருப்பார்.

நாங்கள் 15-ஆம் மாடி. எங்கள் லிப்ட் நின்று இன்றோடு பதினோரு கிழமை.

'ஒரு மாடிதானே, இறங்கி 14-இல் ஏறலாமே' என்று உங்கள் தொலைபேசி மையத்தில் ஒரு பிள்ளை மிகவும் பண்பாகச் சொன்னார். சொன்னவரில் கோபம் இல்லை, அவருக்கு முன்னால் இருக்கும் திரையில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் அந்த ஒரு மாடி என்ன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எட்டுப் படி, ஒரு திருப்பம், பிறகு எட்டுப் படி. பதினாறு. என் அம்மாவுக்கு வயது 74. கிழமையில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு வாகனம் கீழே வந்து நிற்கும், பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது, அவர்களுக்கும் அடுத்த ஆள் காத்திருப்பார். ஆகவே நாங்கள் ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்து வெளிக்கிட வேண்டும். போகும்போது பரவாயில்லை, ஒரு கையால் கைப்பிடியையும் மற்றக் கையால் என்னையும் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். திரும்பி வரும்போதுதான் பாடு. நாலு மணித்தியாலம் இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்ட உடம்பு அது, சில நாளில் ப்ரஷர் விழுந்து கை ஐஸ் மாதிரி இருக்கும். 14-இல் இறங்கி, முதல் எட்டுப் படி ஏறித் திருப்பத்தில் நின்றுவிடுவார். ஊசி போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி, 'நீ போய்க் கதவைத் திற, நான் வாறன்' என்பார். அவர் அப்படிச் சொன்னால் இனிமேல் ஏற முடியாது என்று அர்த்தம்.

இரண்டாவது கிழமையே 14-ஆம் மாடியில் இருக்கும் சில்ஹெட்கார அன்ரி இதைப் பார்த்துவிட்டு, தன் குசினியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து படித் திருப்பத்தில் வைத்தார். நீல நிறம், ஒரு காலில் சின்ன வெடிப்பு. அம்மா அதில் ஐந்து நிமிடம் இருப்பார், மூச்சு வந்ததும் மிச்சம் எட்டையும் ஏறுவார். அன்ரிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வங்காளம் தெரியாது, இரண்டு பேரும் சேர்ந்து உங்களைத் திட்டியது மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியது.

நாலாவது நாள் ஸ்டூலைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் சுவரில் ஒரு தாள்: பொதுவழியில் பொருட்கள் வைப்பது தீ விபத்து ஆபத்து, அகற்றப்பட்டது, மீண்டும் வைத்தால் செலவு அறவிடப்படும்.

தீ விதி ஏன் இருக்கிறது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். மேற்கு லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்த அன்று காலை இந்த மாடி ஜன்னலில் நின்று மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். படி வழியில் தடை இருக்கக் கூடாது, முழுச் சம்மதம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் மரியாதையோடு கேட்கிறேன்: ஒரு ஸ்டூலைக் கண்டுபிடித்து, தாள் அச்சடித்து, பசை பூசி ஒட்டி, தூக்கிக்கொண்டு போக உங்களுக்கு நாலு நாள் போதுமாக இருந்தது. லிப்டுக்குப் பதினோரு கிழமை போதவில்லை. எங்கள் கட்டடத்துக்குப் பொறுப்பான கண்களும் கைகளும் இருக்கின்றன என்பது எங்களுக்கு அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஆறாவது கிழமை ஒரு சனிக்கிழமை இரட்டை எண் லிப்டும் நின்றது. இரண்டு பேரின் பாரத்தை ஒருவர் சுமந்தால் என்ன நடக்கும், அதுதான் நடந்தது. அன்றைக்கு டயாலிசிஸ் போகவில்லை. ஞாயிறு இரவு அம்மாவுக்கு மூச்சு முட்டி, அம்புலன்ஸ் வந்து, நாலு பேர் மாறி மாறி நாற்காலியில் வைத்துப் பதினைந்து மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் அம்மாவிடம் 'சொறி லவ்' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள் இல்லை. இதை விரிக்க விருப்பமில்லை, முறைப்பாட்டு இலக்கம் உங்களிடம் இருக்கிறது.

லிப்ட் ஏன் திருந்தவில்லை என்பதையும் ஒருவழியாக அறிந்துகொண்டேன், உங்களிடம் இருந்து அல்ல, இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போன மெக்கானிக்கிடம் இருந்து. கட்டுப்பாட்டுப் பெட்டி பழசு, அதற்குள் இருக்கும் ஒரு பாகத்தை இப்போது எவரும் செய்வதில்லை, பெட்டியையே மாற்ற வேண்டும். மாற்றுவது பெரிய செலவு. கட்டடமோ 'புதுப்பிப்புப் பட்டியலில்' இருக்கிறது. பட்டியலில் இருக்கிற கட்டடத்துக்குப் பெரிய செலவு செய்யக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. மனிசன் தோளைக் குலுக்கிவிட்டு அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. அந்தப் பட்டியலில் நாங்கள் ஏறியது 2014-இல். அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இப்போது இந்தப் படிகளில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். புதுப்பிக்கப் போகிறோம் என்பதால் ஜன்னல் ரப்பர் மாற்றவில்லை, புதுப்பிக்கப் போகிறோம் என்பதால் குளியலறைப் பூஞ்சணத்துக்குப் பெயின்ட் மட்டும் அடித்தீர்கள், புதுப்பிக்கப் போகிறோம் என்பதால் கீழ் வாசல் கதவு இரண்டு குளிர்காலம் பூட்டாமல் கிடந்தது. இப்போது உங்கள் கைநூலின் மூன்றாம் பக்கத்தில், 'கட்டடங்கள் மிகவும் பழுதடைந்த நிலையில் இருப்பதால்' புதுப்பிப்பு அவசியம் என்று எழுதியிருக்கிறீர்கள். பழுதடைந்தனவா, பழுதடைய விடப்பட்டனவா?

அந்தக் கைநூலில் 'போருக்குப் பிந்திய உயர்மாடிக் குடியிருப்பு' என்று எங்கள் கட்டடத்தைக் குறித்திருந்தீர்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'எந்தப் போர்?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஹிட்லரின் போர் என்று சொன்னேன். 'ஓ, அதுவா' என்று நிம்மதியாகிவிட்டார்.

அந்தப் போருக்குப் பிறகு இங்கே என்ன நடந்தது என்று நான் கொஞ்சம் தேடி வாசித்தேன், பதினோரு கிழமை படியில் இருந்தால் வாசிக்க நேரம் கிடைக்கும். 1956-இல் வந்த ஒரு சட்டம், மாடி கூடக் கூட ஒரு வீட்டுக்கான அரசு மானியத்தையும் கூட்டிக் கொடுத்திருக்கிறது. மேலே மேலே கட்டியதற்கு வானத்தின் மேல் இருந்த ஆசை மட்டும் காரணம் இல்லை. பிறகு தொழிற்சாலையில் வார்த்த கொங்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து சீட்டுக்கட்டு வீடு மாதிரி அடுக்கினார்கள். 1968 மே 16 அன்று கானிங் டவுனில், ஆட்கள் குடிவரத் தொடங்கி இரண்டு மாதமே ஆகியிருந்த ரோனன் பாயின்ட் என்ற 22 மாடியில், 18-ஆம் மாடியில் ஒரு பெண் விடியற்காலை தேநீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தார், காஸ் கசிந்திருந்தது, வெடித்தது, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்து நாலு பேர் செத்துப்போனார்கள். அதன் பிறகு பல பலகைக் கட்டடங்களில் இருந்து காஸை எடுத்தார்கள். எங்கள் கட்டடத்திலும் எடுத்திருக்கிறார்கள், அம்மா இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து மின்சார அடுப்போடு சண்டை பிடித்துக்கொண்டு தோசை சுடுவது அதனால்தான். ரோனன் பாயின்டைத் திருத்தி, திரும்ப ஆட்களைக் குடிவைத்து, கடைசியில் 1986-இல்தான் பிரித்தார்கள். பிரித்தபோது பலகைகளின் இணைப்புக்குள் கொங்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் பழைய பத்திரிகைத் தாளும் இருந்ததாம்.

ஆகவே 'புதுப்பிப்பு' என்றால் எங்களுக்குக் கை தட்டத் தோன்றவில்லை என்று தயவுசெய்து குறை நினைக்காதீர்கள். கிரென்ஃபெல்லும் புதுப்பித்த கட்டடம்தான். 2016-இல் வேலை முடிந்தது, வெளிச்சுவருக்குப் புதுச் சட்டை போட்டார்கள், அடுத்த வருடம் ஜூன் 14 அந்தச் சட்டையே எரிந்து 72 பேர் போனார்கள். அங்கே இருந்தவர்களும் எழுதினார்கள், என்னைப் போலத்தான், திரும்பத் திரும்ப.

இனி போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

கீழே சமூக மண்டபத்தில் நீங்கள் கண்காட்சி வைத்தீர்கள். பலூன், ஆரஞ்சுச் சாறு, சமோசா, கழுத்தில் அடையாள அட்டை போட்ட எட்டுப் பேர். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரிக் கட்டடம், விரல் நகம் அளவு மரங்கள், அதைவிடச் சின்னதாக வெள்ளைப் பிளாஸ்டிக் மனிதர்கள், ஒருவர் நாய் பிடித்துக்கொண்டு, ஒருவர் சைக்கிளில். கைத்தடி பிடித்தபடி ஒருவரும் இல்லை. 'உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்' என்று சுவர் நிறைய எழுதியிருந்தது. அம்மாவுக்கும் ஒரு கேள்வி இருந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தவர், பின்னேரம் எழும்பி முகம் கழுவிச் சீலை உடுத்துக்கொண்டு வந்தார். கதவைத் தாண்டி, படி வாசலுக்கு வந்து, கீழே அந்தத் திருப்பத்தைப் பார்த்தார். ஒரே நாளில் இரண்டாம் தரம் அந்தப் பதினாறையும் இறங்கி ஏற அவரால் முடியாது. ஸ்டூலும் இல்லை. 'நீ போய்க் கேள்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சீலையை மடித்து வைத்தார்.

நான் போய்க் கேட்டேன். 'இந்த மாதிரியில் லிப்ட் எங்கே இருக்கிறது?' என்று. அட்டை போட்ட தம்பி மிகவும் உற்சாகமாக, புதுக் கட்டடத்தில் மையத்தில் மூன்று அதிவேக லிப்ட், எல்லா மாடியிலும் நிற்கும் என்றார். எப்போது? முதல் கட்டம் முடிய இன்னும் ஆறு வருடம் என்றார். எங்கள் கட்டடம் மூன்றாம் கட்டம். டயாலிசிஸ் செய்கிற 74 வயது ஆளுக்கு அந்தக் கணக்கு என்ன என்று அந்தத் தம்பிக்குச் சட்டென்று விளங்கியது, முகம் மாறிவிட்டது, பாவம். ஒரு மஞ்சள் தாளைத் தந்து கருத்தை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். 'ஒற்றை எண் லிப்டைத் திருத்தவும்' என்று எழுதி ஒட்டினேன். 'இன்னும் அதிகப் பச்சை வெளி' என்பதற்கும் 'காப்பிக் கடை வேண்டும்' என்பதற்கும் நடுவில் அது ஒட்டியிருக்கும், தேடிப் பாருங்கள்.

அங்கே இன்னொரு பலகையில் எங்களை எப்படி வெளியேற்றப் போகிறீர்கள் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தீர்கள். அதற்கு உங்கள் தொழிலில் 'டிகான்ட்' என்று பெயராம். ஒரு பாத்திரத்தில் இருந்து மற்றப் பாத்திரத்துக்கு மெல்ல ஊற்றுவது. நாங்கள் சோறு வடிக்கும்போது கஞ்சியைத்தான் அப்படி ஊற்றுவோம், சோறு பானையிலேயே நிற்கும். இதில் சோறு யார் கஞ்சி யார் என்பது படத்தில் தெளிவாக இல்லை. அதற்குக் கீழே 'திரும்பி வரும் உரிமை', தமிழ்க் கைநூலில் அதையே 'மீள்குடியேற்றம்' என்று போட்டிருந்தீர்கள். மொழிபெயர்த்தவர் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சொல்லை மட்டும் அம்மாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1990-இல் இலங்கைப் போர் துரத்த, யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் அடுப்பில் உலையை வைத்தபடி வெளிக்கிட்டவர், கொஞ்ச நாளில் திரும்பலாம் என்று சொன்னார்கள். மயிலிட்டித் துறைமுகப் பக்கத்தை ராணுவம் விட்டது 2017-இல். அம்மா போய்ப் பார்க்கவில்லை, அப்போதே சிறுநீரகம் பழுது. நீங்களும் ராணுவமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது அநியாயம். ஒரு சொல் எங்கள் காதில் எப்படி விழுகிறது என்று சொன்னேன், அவ்வளவுதான்.

இந்த நகரத்திலும் உதாரணம் இல்லாமல் இல்லை. எலிஃபன்ட் அண்ட் காசிலில் ஹேகேட் குடியிருப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்சில் வீடுகள், இடித்தார்கள், இருந்தவர்கள் நாலா திசையும் சிதறினார்கள். பொப்லரில் ராபின் ஹுட் கார்டன்ஸை இடிக்கும்போது அதில் மூன்று மாடித் துண்டு ஒன்றை அருங்காட்சியகம் வாங்கி, வெனிஸ் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, இப்போது ஸ்ட்ராட்ஃபோர்டில் வைத்திருக்கிறது. கொங்கிரீட்டுக்காவது திரும்பி வரும் உரிமை கிடைத்திருக்கிறது. நாங்களும் கேட்டுப் பார்க்கலாம், 15-ஆம் மாடியை அப்படியே அம்மாவோடு சேர்த்து எடுத்து வையுங்கள் என்று, அருங்காட்சியகத்தில் லிப்ட் நன்றாக ஓடும்.

வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். பிரான்ஸில் போர்தோவில் எங்கள் கட்டடங்களின் அதே வயதுக்காரக் கட்டடங்கள், 530 வீடு, ஒருவரையும் வெளியேற்றவில்லை. ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வெளிப்புறத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணாடி போட்ட ஒரு புது அறையைக் கூட்டிச் சேர்த்தார்கள், ஒரு வீட்டு வேலை இரண்டு கிழமை அளவில் முடிந்திருக்கிறது. 2019-இல் ஐரோப்பியக் கட்டடக்கலை விருதும் வாங்கியது. உங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்காவது இது தெரியாமல் இருக்காது. லண்டனில் மேயரின் காசில் பெரிய அளவில் இடித்துக் கட்டுவதென்றால் 2018-இல் இருந்து குடியிருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அந்த வாக்கெடுப்பு எப்போது என்று கேட்டால் அதற்கும் 'விரைவில்' என்ற பதில்தான். சரி, அதைப் பற்றித் தனியாக எழுதுவேன். இந்த மடல் லிப்டுக்கானது, எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

ஒரே ஒரு பழைய கதை மட்டும். பொப்லரில் பல்ஃப்ரன் டவரைக் கட்டிய கட்டடக்கலைஞர் எர்னோ கோல்ட்ஃபிங்கர், 1968-இல் தானே மனைவியோடு அதன் உச்சி மாடியில் இரண்டு மாதம் வந்து குடியிருந்தார். குடியிருந்தவர்களை மாடி மாடியாகக் கூப்பிட்டு ஷாம்பெயின் கொடுத்து, என்ன குறை என்று கேட்டாராம். பல்ஃப்ரனில் இரண்டு லிப்ட். பிறகு மேற்கு லண்டனில் அவர் கட்டிய டிரெலிக் டவரில் மூன்று லிப்ட். மனிசன் கடும் கோபக்காரர் என்கிறார்கள், இருந்தாலும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

உங்களில் யாராவது அப்படி வரலாம். இரண்டு மாதம் வேண்டாம், இரண்டு நாள் போதும். எங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது, நான் ஹாலில் படுப்பேன். ஷாம்பெயின் இல்லை, தேத்தண்ணியும் உளுந்து வடையும் இருக்கும். செவ்வாய் இரவு வந்தால் நல்லது, வியாழன் காலை அம்மாவின் மற்றக் கையைப் பிடிக்க ஒரு ஆள் கிடைக்கும்.

முடியாதென்றால், தயவுசெய்து, ஒற்றை எண் லிப்டைத் திருத்தித் தாருங்கள். புதுப் பெட்டி போடும் செலவு வீண் என்று உங்கள் கணக்காளர் சொன்னால், மூன்றாம் கட்டம் வரும் வரைக்கும் அந்தப் படிகளை ஏற வேண்டிய ஆட்கள் எத்தனை பேர், அவர்களின் வயது என்ன என்று அவரிடம் கேளுங்கள், பட்டியல் இல்லாவிட்டால் நான் தருகிறேன், 21-ஆம் மாடியில் கைக்குழந்தையோடு இருக்கும் நைஜீரியப் பிள்ளையில் இருந்து தொடங்கலாம். எந்தத் தேதிக்குள் திருந்தும் என்று எழுத்தில் ஒரு வரி, ஒரு மனிதரின் பெயரோடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

நாளை சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு நாங்கள் படி வாசலில் நிற்போம்.

அந்த ஸ்டூலையும் திருப்பித் தந்தால் உதவியாக இருக்கும். அது எங்களுடையது இல்லை, அன்ரி கேட்கவில்லை, ஆனால் அவர் வீட்டில் நாலு பேருக்கு மூன்று ஸ்டூல்தான் இருக்கிறது.

நன்றியுடன்,
15-ஆம் மாடியில் இருந்து